ஸ்கானில் தற்செயலாக அகப்பட்ட பெருநாடி அனியூரிசம்: இனி என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா, புறொஸ்ரேற் வீங்கியிருக்கிறதா, பித்தப்பையில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஸ்கானுக்குப் போவோம். போன விஷயத்துக்குப் பதில் கிடைக்கிறதோ இல்லையோ, றிப்போட்டின் அடியில் வயிற்றுப் பெருநாடியில் 41 மில்லிமீற்றர் அனியூரிசம் என்று ஒரு வரி நிற்கும். அனியூரிசம் என்றால் நாடியின் சுவர் ஓரிடத்தில் ஊதிப் பெருத்திருப்பது. பெரும்பாலானவர்களுக்கு இது இப்படித்தான் அகப்படுகிறது, ஏனென்றால் வெடிக்கிற கட்டம் வரும் வரைக்கும் அது நோவதுமில்லை, காய்ச்சல் காட்டுவதுமில்லை. எனக்கும் இப்படித்தான் தெரியவந்தது. வீட்டுக்கு வருவதற்குள் யாராவது கூகிளில் தேடி "எப்ப வேணுமெண்டாலும் வெடிக்குமாம்" என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

சின்ன அனியூரிசத்துக்கு வைத்தியம் என்பது ஒழுங்காக அளந்துகொண்டு வருவதுதான். நம்முடைய சனத்துக்கு இது லேசில் பிடிபடாது. ஒரு பகுதி "கெதியா வெட்டி எடுக்கச் சொல்லு" என்று நிற்கும், மற்றப் பகுதி "டொக்டர் ஒண்டும் செய்யேல்லத்தானே, அப்ப பயமில்லை" என்று கிளினிக்கையே விட்டுவிடும். இரண்டாவது ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

1. றிப்போட்டை வடிவாக வாசியுங்கள்

முதலில் அலகைப் பாருங்கள். 41 மில்லிமீற்றரும் 4.1 சென்ரிமீற்றரும் ஒன்றுதான். சிரிக்காதீர்கள், இந்த இலக்கத்தைத் தொலைபேசியில் தவறாகச் சொல்லி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ரிக்கெற் போட வெளிக்கிட்ட வீடுகள் உண்டு.

அடுத்தது இடம். இதயத்தில் இருந்து புறப்படுகிற பெருநாடி நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்புக்கு முன்னால் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றில் வருகிற அனியூரிசங்களில் பெரும்பாலானவை சிறுநீரக நாடிகளுக்குக் கீழே இருப்பவை, றிப்போட்டில் 'இன்ஃப்ராரீனல்' என்று போடுவார்கள். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அது சுலபமான இடம், அந்தச் சொல் இருந்தால் நல்லது. நெஞ்சுப் பகுதியில், எக்கோ (இதய ஸ்கான்) செய்யும்போது அகப்பட்டது என்றால் அது வேறு பாதை: இதய சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டியது, இதய வால்வையும் பரம்பரையையும் கூடுதலாக விசாரிப்பார்கள், சத்திரசிகிச்சைக்கான அளவு எல்லைகளும் வேறு. நான் இங்கே எழுதுவது வயிற்றுப் பெருநாடியைப் பற்றி.

மூன்றாவது அளவு. வயிற்றுப் பெருநாடியின் சாதாரண விட்டம் சுமார் 2 சென்ரிமீற்றர், 3 ஐத் தொட்டால் அனியூரிசம் என்று சொல்வார்கள். நான்காவது வடிவம்: சுற்றிவர ஒரேமாதிரி ஊதியிருந்தால் 'ஃபியூசிஃபோர்ம்', அநேகமானவை இதுதான். ஒரு பக்கம் மட்டும் பை மாதிரிப் பிதுங்கியிருந்தால் 'சக்யூலர்', அதைச் சின்னதாக இருக்கும்போதே கவனிப்பார்கள், அந்தச் சொல்லைக் கண்டால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 'மியூரல் துரொம்பஸ்' என்றும் எழுதியிருக்கலாம், உள்ளே சுவரோடு ஒட்டி இரத்தம் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வாசிக்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரிய அனியூரிசங்களில் இது சாதாரணமாகக் காண்பது.

2. யாரிடம் போவது

ஸ்கான் எடுக்கச் சொன்ன டொக்டரிடமே முதலில் திரும்பிப் போங்கள். அவர் சிறுநீரகக் கல்லைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு கொப்பியை மூடினால், "டொக்டர், இந்தக் கடைசி வரிக்கு என்ன செய்வது?" என்று கேளுங்கள். தேடாமல் கிடைத்த விஷயம் இரண்டு கிளினிக்குகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போவது உலகம் முழுக்க நடப்பது, நம்முடைய கிளினிக்குகளில் இருக்கிற கூட்டத்துக்கு அது இன்னும் சுலபம்.

நீங்கள் பார்க்க வேண்டியவர் இரத்தநாள சத்திரசிகிச்சை நிபுணர், வஸ்குலர் சேர்ஜன். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் காட்டுபவர்கள் அங்கேயே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் எந்த நாளில் எந்தக் கிளினிக் என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்டு, அந்தத் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு அனுப்பினால் பதற வேண்டாம், தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தாலும் பரவாயில்லை, ஆனால் பார்த்தவர் சொன்னதை அரச கிளினிக் கொப்பியிலும் எழுதுவியுங்கள், அவசரம் என்று வரும்போது நீங்கள் போய்ச் சேரப் போவது அங்கேதான்.

லண்டனில் இருக்கிற மருமகன் டொக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் போகிறீர்கள். அனுப்புங்கள், ஆனால் முழு றிப்போட்டையும் அனுப்புங்கள். வெறும் இலக்கத்தைக் குரல் பதிவில் சொன்னால் அவர் என்ன செய்வார்?

3. அளவெடுப்பது: முழுக் கதையும் இங்கேதான்

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பது என்பதில் நாடுகளுக்கு நாடு வித்தியாசம். இங்கிலாந்தில் 3.0 முதல் 4.4 சென்ரிமீற்றர் வரை வருடத்துக்கு ஒரு தடவை, 4.5 முதல் 5.4 வரை 3 மாதத்துக்கு ஒரு தடவை. அமெரிக்க இரத்தநாள நிபுணர்களின் 2018 வழிகாட்டல் 3.0–3.9 க்கு 3 வருடம், 4.0–4.9 க்கு 1 வருடம், 5.0–5.4 க்கு 6 மாதம் என்கிறது. அதனால் இங்கே ஒரு டொக்டரும் ரொறன்ரோவில் இருக்கிற அக்காவின் டொக்டரும் வேறு வேறு கணக்குச் சொன்னால் ஒருவருக்கு விஷயம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்களைப் பார்க்கிறவர் சொல்லும் இடைவெளியைப் பிடியுங்கள், பிடித்தால் விடாதீர்கள்.

இப்போது ஸ்கான் மேசைக்கு வாருங்கள். குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியைத் தொப்புளுக்கு மேல் அழுத்தி, திரையில் தெரிகிற கறுப்பு வட்டத்தின் இந்த ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவை, அந்த ஓரத்தில் ஒரு சிலுவை வைப்பார்கள். அந்த இரண்டு சிலுவைகளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் இலக்கம். சிலுவையைச் சுவரின் உட்பக்கத்தில் வைத்தால் ஒரு அளவு, வெளிப்பக்கத்தில் வைத்தால் சில மில்லிமீற்றர் கூடின அளவு. கருவியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகி அளவு இன்னும் கூடும். சீ.ரீ. ஸ்கானில் அல்ட்ராசவுண்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். ஆகவே போன தடவை 42, இந்தத் தடவை வேறு இடத்தில் வேறு ஆள் எடுத்து 46 என்றால் அது உண்மையில் வளர்ந்ததாகவும் இருக்கலாம், வெறும் கை வித்தியாசமாகவும் இருக்கலாம். சின்ன அனியூரிசங்கள் சராசரியாக வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர்தான் வளர்கின்றன, கை வித்தியாசமே அதற்கு மேல் வந்துவிடும்.

இதற்குச் செய்யக்கூடியது என்னவென்றால், முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுப்பது. ஒவ்வொரு தடவையும் பழைய றிப்போட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், படமும் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கொப்பியில் திகதி, இடம், அல்ட்ராசவுண்டா சீ.ரீ.யா, முன்பின் விட்டம் எவ்வளவு என்று நான்கு நிரல் கீறி எழுதி வாருங்கள். கிளினிக்கில் டொக்டருக்கு உங்களோடு கதைக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம், அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் கேள்வி கேட்காமலே விளங்கிவிடும். றிப்போட்டுகளை சொப்பிங் பையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைக்கிற பழக்கம் இந்த வருத்தத்துக்குச் சரிவராது.

திடீரென்று கூடினால் ஸ்கானைத் திருப்பி எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். சீ.ரீ.க்கு மருந்து ஏற்றுவதாக இருந்தால் சிறுநீரகம் எப்படி என்று இரத்தத்தில் கிரியேற்றினின் அளவைப் பார்த்த பிறகுதான்.

4. எந்த இலக்கத்தில் கத்தி

ஆண்களுக்கு 5.5 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 5.0. இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் 1 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால், அல்லது நோ தொடங்கினால். பெண்களுக்கு ஏன் குறைவு என்றால், அவர்களின் நாடி இயல்பிலேயே சிறியது, அதே அளவில் வெடிக்கும் ஆபத்து அவர்களுக்குப் பல மடங்கு கூட.

அதற்கு முதலே ஏன் செய்வதில்லை என்று கேட்பீர்கள். பிரித்தானியாவில் 4.0 முதல் 5.5 வரை உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றப் பகுதிக்கு அளந்து பார்ப்பது என்று செய்த ஆய்வின் முடிவு 1998 இல் வந்தது, அமெரிக்காவில் இதேமாதிரி ஒன்று 2002 இல் வந்தது. இரண்டிலும் முதலே வெட்டியவர்கள் கூடக் காலம் வாழவில்லை. 5.5 க்குக் கீழ் ஆண்களில் வெடிக்கிற வாய்ப்பு வருடத்துக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு, சத்திரசிகிச்சையின் ஆபத்து அதைவிடக் கூட. மனுசி, பிள்ளைகள், மச்சான்மார் எல்லாரையும் இருத்தி இந்தக் கணக்கை ஒருக்கால் சொல்லிவிடுங்கள், "ஏன் இன்னும் செய்யேல்லை" என்ற கேள்வி அதோடு குறையும்.

5. சுருட்டு, சிகரெட், பிறசர்

இந்த வருத்தத்தில் உங்கள் கையில் இருக்கிற ஒரே பெரிய விஷயம் புகை. அனியூரிசம் வருவதற்கும் புகைதான் முதல் காரணம், வந்தது கெதியாக வளர்வதற்கும் வெடிப்பதற்கும் அதுதான். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் எங்கள் பெருமை என்று வைத்துக்கொள்வோம், ஆனால் சுருட்டுக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை, "நான் சிகரெட் பத்திறேல்ல, சுருட்டு மட்டும்தான்" என்பது நாடிக்கு விளங்காது. குறைப்பது என்று தொடங்குபவர்கள் பலபேர் மூன்று மாதத்தில் பழைய கணக்குக்கே வந்துவிடுவார்கள், ஒரு திகதி வைத்து முழுக்க விடுவதுதான் என் யோசனை. கிளினிக்கில் கேட்டால் நிக்கோட்டின் மாற்று, ஆலோசனை இரண்டைப் பற்றியும் சொல்வார்கள்.

பிறசரை 140/90 க்குக் கீழ், முடிந்தால் 130/80 பக்கமாக வைத்திருக்கச் சொல்வார்கள். கைப்பிறசர் மெஷின் ஒன்று வாங்கி, காலையில் தேத்தண்ணிக்கு முதல், கதிரையில் ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்துவிட்டுப் பாருங்கள். உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடித்தாலும் பிறசர்க் குளிசையைக் கொஞ்சத் தண்ணீரோடு விழுங்குங்கள், முருகன் கோவிக்க மாட்டார்.

கொலஸ்ரோல் குளிசையும் சிலருக்கு அஸ்பிரினும் தருவார்கள். அது அனியூரிசத்தைச் சுருக்க அல்ல, சுருக்குகிற குளிசை இன்றைக்கு இல்லை. பெருநாடியில் இது இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற ஆபத்துக் கூட, சின்ன அனியூரிசக்காரர் பலர் கடைசியில் போவது இதய வருத்தத்தால்தான், அதற்காகத்தான் அந்தக் குளிசைகள். ஒரு விசித்திரம்: சலரோகம் உள்ளவர்களுக்கு அனியூரிசம் வருவதும் குறைவு, வளர்வதும் மெதுவாக. அதற்காகச் சீனியை அள்ளிப் போடச் சொல்லவில்லை.

6. பார்மசியில் கவனம்

இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின், நோர்புளொக்சசின், ஒஃப்ளொக்சசின் என்கிற வகை அன்ரிபயோட்டிக் பெருநாடிச் சுவரைப் பலவீனமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. அனியூரிசம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தால் இதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அந்த அறிவித்தல். சலக்கடுப்பு, வயிற்றோட்டம் என்று போனால் இங்கே கையில் முதலில் வருவது சிப்ரோதான், போதாக்குறைக்குப் போன தடவை மிஞ்சியதை எடுத்து வைத்திருப்போம். அதை வெளியே போடுங்கள். எந்த டொக்டரிடம் எதற்குப் போனாலும், பல்லுக்கே போனாலும், அனியூரிசம் இருக்கிறது என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். உயிர் போகிற தொற்றுக்கு அதுதான் மருந்து என்று டொக்டர் தெரிந்தே தந்தால் மறுக்க வேண்டாம்.

தடிமனுக்கு மூக்கடைப்புத் திறக்கிற குளிசை, மூட்டு நோவுக்கு டைக்கிளோஃபெனாக் போன்றவை பிறசரை ஏற்றும், கேட்காமல் போடாதீர்கள்.

7. அன்றாட வாழ்க்கை

நடக்கலாம். சைக்கிள் ஓடலாம். தோட்டத்தில் பாத்தி கட்டலாம், பூமரத்துக்குத் தண்ணீர் விடலாம். கட்டிலில் படுத்துக்கொண்டு காத்திருப்பதுதான் கெடுதல். தவிர்க்க வேண்டியது மூச்சைப் பிடித்து முக்கித் தூக்குகிற வேலைகள்: 50 கிலோ சீமெந்துப் பை, நெல்மூட்டை, நிறைந்த காஸ் சிலிண்டர். முக்குகிற அந்தக் கணத்தில் பிறசர் எகிறும். மலச்சிக்கலும் இதே கணக்கில் வரும், கீரையும் பனங்கிழங்கும் தண்ணீரும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள். விடாத இருமலையும் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தாம்பத்தியம் பற்றி ஒருவரும் வாய்திறந்து கேட்பதில்லை. சின்ன அனியூரிசத்துக்குத் தடையில்லை.

கோயில். நல்லூரில் 25 நாளும் போய்க் கும்பிடலாம், வீதி சுற்றலாம். தேர் வடம் பிடிப்பது, பிரதட்டை செய்வது, தூக்குக் காவடி இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள் என்பேன், அதுவும் 5 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருப்பவர்கள் கட்டாயம். நேர்த்தியை வேறு விதமாக மாற்றிக்கொள்ள ஐயரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வயிறு கொளுவிவிட்டது, குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டு வயிறு உருவுகிற ஆட்களிடம் இனிப் போகவே கூடாது. டொக்டர் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பதில் பயமில்லை, ஆனால் பலங்கொண்டு அமத்துவது வேறு. ஒல்லியான ஆட்களுக்குப் படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேல் துடிப்பது கைக்குத் தெரியும், அதை ஒவ்வொரு இரவும் தடவிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அதில் வளர்ச்சி தெரியாது, பயம்தான் வளரும்.

கொழும்புக்கு பஸ்ஸில், ரெயினில் போவதற்கும் விமானத்தில் போவதற்கும் சின்ன அனியூரிசம் தடையில்லை. எல்லையைத் தொட்டுவிட்டவர்கள் பயணத்துக்கு முதல் டொக்டரைக் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனால் பயணக் காப்புறுதியில் இதை மறைக்காதீர்கள், மறைத்தால் தேவைப்படுகிற நாளில் காசு தர மாட்டார்கள்.

8. இது வந்தால் வீட்டில் இருக்காதீர்கள்

திடீரென்று வயிற்றில், முதுகில் அல்லது விலாவில், சில வேளை கவட்டுப் பக்கம் இறங்குகிற மாதிரி, முன்பு பழக்கமில்லாத கடுமையான நோ. கூடவே தலைசுற்று, குளிர் வேர்வை, முகம் வெளிறுவது, மயக்கம். கால் விரல் திடீரென்று நீலம் பாரித்து நோவதும் உடனே காட்ட வேண்டியது, உள்ளே உறைந்த இரத்தத்தில் ஒரு துண்டு உடைந்து இறங்கியிருக்கலாம்.

ஆபத்து எங்கே என்றால் இது வாய்வு மாதிரியும் கல்லடைப்பு மாதிரியும் வேடம் போடும். உள்ளி காய்ச்சிக் குடித்து, சோடா குடித்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருப்பதற்கு இந்த வருத்தத்தில் நேரமில்லை. வெடித்தால் பெரும்பாலானவர்கள் தப்புவதில்லை, தப்புகிறவர்கள் கெதியாகப் போனவர்கள்தான்.

1990 ஐ அழையுங்கள், அந்த இலவச அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கும் வந்துவிட்டது. சொல்ல வேண்டிய வசனம்: "வயிற்றுப் பெருநாடியில் அனியூரிசம் இருக்கிறது, கடைசி அளவு இவ்வளவு, இப்போது கடும் நோ." ஆஸ்பத்திரி வாசலிலும் அதே வசனம், நோவைப் பற்றிக் கதை தொடங்குவதற்கு முதல். நோயாளி தானே மோட்டார்சைக்கிள் ஓடிக்கொண்டு போகக்கூடாது, சாப்பிடக் குடிக்கக் கொடுக்கக்கூடாது. அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டில் வருத்தத்தின் பெயர், கடைசி அளவு, திகதி, குளிசைகள், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி இலக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். நெடுந்தீவில் இருப்பவர்களுக்கு என் தனிப்பட்ட அபிப்பிராயம்: 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சத்திரசிகிச்சை முடியும் வரைக்கும் பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், குறிகாட்டுவானுக்கு இரவில் படகு பிடித்து வருகிற வருத்தம் இல்லை இது.

9. எல்லையைத் தொட்டால்

இரண்டு வழி. ஒன்று வயிற்றைத் திறந்து, ஊதிய இடத்துக்குள் டேக்ரன் துணிக்குழாய் வைத்துத் தைப்பது. ஒரு கிழமை பத்து நாள் ஆஸ்பத்திரி, பழைய பலம் வர இரண்டு மூன்று மாதம், ஆனால் சரியாக முடிந்தால் அநேகமாக ஆயுளுக்கும் போதும். மற்றது கவட்டு நாடி வழியாக ஸ்டென்ட் குழாயை உள்ளே கொண்டுபோய் விரிப்பது, எவார் என்பார்கள், சில நாளில் வீட்டுக்கு வரலாம். 2004 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் திறந்த முறையில் 4.7 சதவீதம், எவாரில் 1.7 சதவீதம். ஆனால் சில வருடங்களில் அந்த வித்தியாசம் அழிந்துபோகிறது, ஸ்டென்ட்டைச் சுற்றி இரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கான் எடுக்கவும் வேண்டும். எல்லாருடைய நாடி வடிவத்துக்கும் ஸ்டென்ட் பொருந்துவதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: என் நாடிக்கு எது பொருந்தும்? ஸ்டென்ட் அரசு தருமா, நாங்கள் வாங்குவதா, விலை எவ்வளவு, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? பிறகு பார்க்கிற ஸ்கானை யாழ்ப்பாணத்திலேயே செய்யலாமா? காசு பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள், வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்களுக்கும் முதலே தெரிந்தால்தான் வசதி. இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று பரிசோதிப்பார்கள், அதற்கு முதல் புகையை விட்டிருந்தால் சுவாசம் எவ்வளவோ மேல்.

1948 இல் ஐன்ஸ்டைனின் வயிற்றில் இதே அனியூரிசத்தைக் கண்டபோது சத்திரசிகிச்சை நிபுணர் செய்தது அதைச் செலோபேன் தாளால் சுற்றியது. ஐன்ஸ்டைன் அதோடு ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார், 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது வெட்ட வேண்டாம் என்றுவிட்டார். செலோபேன் தாளோடு ஆறு வருடத்துக்கு மேல் என்றால், அளவெடுக்கவும் குழாய் வைக்கவும் வழியிருக்கிற இன்றைக்கு நாங்கள் பயந்து நடுங்கத் தேவையில்லை.

10. கூடப்பிறந்தவர்கள்

இது குடும்பத்தில் ஓடக்கூடியது. 65 வயதை நெருங்கின அண்ணன் தம்பிமார் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், புகைத்தவர்கள் என்றால் கட்டாயம், அக்கா தங்கச்சிமாரும் தங்கள் டொக்டரைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் இருக்கிற ஆண்களுக்கு 65 வயதாகும் வருடத்தில் இந்த ஸ்கானுக்கு அரசாங்கமே கடிதம் போடும், இலவசம். நம்முடைய ஆட்கள் பலர் "எனக்கு ஒண்டுமில்லை" என்று அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடுகிறார்கள். இந்தக் கிழமை தொலைபேசி எடுக்கும்போது கடிதம் வந்ததா என்று கேளுங்கள், 65 தாண்டி இதுவரை எடுக்காதவர்கள் தாங்களாகவே அழைத்துத் திகதி கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.